செக்ரோலில் இருந்து கழன்ற சாமி: சமய நம்பிக்கை தேய்கிறதா, உரு மாறுகிறதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 குடிசன மதிப்பீட்டின்படி கிறிஸ்தவர் 46.2 வீதம், ‘சமயம் எதுவும் இல்லை’ என்று எழுதியோர் 37.2 வீதம். அங்கே தேவாலயங்கள் வீடுகளாகவும் மதுச்சாலைகளாகவும் மாறுவதை அடிக்கடி வாசிக்கிறோம். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் போனால், சுவர் நிறையக் கும்பாபிஷேக நோட்டீஸ், நற்செய்திக் கூட்ட நோட்டீஸ், ஐயப்ப மாலை அணியும் விழா நோட்டீஸ். எது உண்மை, சமயம் போகிறதா வருகிறதா என்று குழம்புவது இயல்பு.

சமூகவியலாளர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். “நம்பிக்கை குறையவில்லை, வடிவம்தான் மாறுகிறது” என்பது அதில் ஒரு பக்கம். மலையகத் தோட்டங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்க, முதலில் எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

‘சமயம்’ என்று எதை அளக்கிறார்கள்?

ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனிச் சங்கதிகள் கிடக்கின்றன.

1. நம்பிக்கை: கடவுள், முனி, பேய், மறுபிறப்பு உண்டு என்று மனதில் கொள்வது.
2. சேர்மானம்: ஒரு கோயிலுக்கோ சபைக்கோ பள்ளிவாசலுக்கோ உரியவர் என்று தன்னைச் சொல்வது.
3. அனுட்டானம்: விரதம், பூசை, ஜெபம், நேர்த்தி, யாத்திரை.
4. அதிகாரம்: கல்யாணம், உணவு, வைத்தியம், அரசியல் ஆகியவற்றில் சமயத்தின் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பது.

இவை நான்கும் ஒன்றாக ஏறுவதுமில்லை, ஒன்றாக இறங்குவதுமில்லை. பூசை கூடும்போதே அதிகாரம் குறையலாம். குடிசன மதிப்பீடு அளப்பது இரண்டாவதை மட்டும்தான், அதுவும் ஆளுக்கு ஒரு சமயம் என்ற கணக்கில்.

இலங்கைக் கணக்கையே எடுப்போம். 1981இல் இந்துக்கள் 15.5 வீதம், 2012இல் 12.6 வீதம். இதைக் காட்டி “இந்து நம்பிக்கை குறைந்துவிட்டது” என்றால் தவறு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நிற்கும்வரை ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அதன்பின் யுத்தம், வெளிநாட்டுப் பயணம். சாமியை விட்டவர்களை விட, சாமியோடு கப்பலேறியவர்கள் அதிகம். மறுபக்கம், 2009இல் கேலப் நிறுவனம் “அன்றாட வாழ்வில் சமயம் முக்கியமா?” என்று கேட்டபோது இலங்கையில் 99 வீதத்தினர் ஆம் என்றார்கள். இதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எல்லோரும் ஆம் என்று சொல்லும் கேள்வியால் எந்த மாற்றத்தையும் பிடிக்க முடியாது.

தேய்வு வாதம்

இதற்கு உலகியல்மயமாதல் என்று பெயர். மக்ஸ் வெபர் காலத்திலிருந்தே வரும் கருத்து: விஞ்ஞானம், தொழில்மயம், நகரம், அரச நிர்வாகம் வளர வளர சமயத்தின் பிடி தளரும். 1960களில் பிரையன் வில்சன் இதைப் பிரித்தானியத் தரவுகளோடு எழுதினார். பின்னர் ஸ்டீவ் புரூஸ் இன்னும் கடுமையாக வாதிட்டார். பீட்டர் பேர்கர் 1968இல், 21ஆம் நூற்றாண்டில் விசுவாசிகள் சிறு குழுக்களாக ஒதுங்கிக் கிடப்பார்கள் என்று எதிர்வுகூறினார். அதே பேர்கர் 1999இல், உலகம் முன்னைப்போலவே கடுஞ்சமயப் பற்றோடுதான் இருக்கிறது, தம் கணிப்புப் பிழைத்தது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். எதிர்வாதிகளுக்கு அது பெரிய வாய்ப்பாகிப் போனது.

உருமாற்ற வாதங்கள்: ஐந்து வேறு சங்கதிகள்

“மாறுகிறது” என்பவர்கள் எல்லோரும் ஒரே கருத்தைச் சொல்லவில்லை.

1. சேராமல் நம்புதல். கிரேஸ் டேவி 1990களில் முன்வைத்தது. பிரித்தானியர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்கள், ஆனால் கடவுளை விடவில்லை என்றார். மலையகத்துக்கு இது அவ்வளவாக ஒட்டாது. இங்கே திருவிழாவுக்குப் போவதை நிறுத்தியவரைக் காண்பதுதான் கடினம்.

2. தனியாள் சமயம். தோமஸ் லுக்மன் 1967இல் சொன்னது: நிறுவனத்துக்கு வெளியே ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துத் தானே ஒரு சமயத்தைக் கட்டிக்கொள்கிறார். மூத்தவருக்குத் தோட்டத்து மாரியம்மன், மகனுக்கு ஐயப்பன் மாலை, மருமகளுக்குச் செவ்வாய்க்கிழமை அந்தோனியார், மகளுக்கு யூடியூபில் வரும் பிரசங்கம் என்று ஒரே காம்பராவுக்குள் (அறைக்குள்) நாலு வழி ஓடும் வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். மாத்தளை மாவட்டத்து வாஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகும் இந்துக்கள் யாரும் சமயம் மாறியதாக நினைப்பதில்லை.

3. நினைவுச் சங்கிலி. பிரெஞ்சுச் சமூகவியலாளர் டானியேல் எர்வியே-லெஜே சொன்னது. சமயம் என்பது முன்னோர் வரிசையில் நானும் ஒரு கண்ணி என்ற உணர்வு. அந்தச் சங்கிலி அறுந்தால் நம்பிக்கை அலையும். பிறகு வேறிடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதற்குத் திரும்பி வருவோம்.

4. பொதுவெளிச் சமயம். ஹோசே கஸனோவா 1994இல் ஒரு பயனுள்ள வேலை செய்தார். உலகியல்மயமாதல் என்ற ஒரே சொல்லில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன என்று பிரித்தார்: அரசு, பொருளாதாரம் ஆகியவற்றிலிருந்து சமயம் பிரிவது; நம்பிக்கை குறைவது; சமயம் வீட்டுக்குள் ஒடுங்குவது. முதலாவது நடந்தால் மற்ற இரண்டும் நடந்தே தீரும் என்றில்லை. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள சீதா எலிய அம்மன் கோயிலின் 2024 மே கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் வந்தது. ஆற்றங்கரைச் சிறு கோயிலொன்று சுற்றுலாவுக்கும் இராஜதந்திரத்துக்கும் மேடையாகிவிட்டது. இதை வீட்டுக்குள் ஒடுங்கிய சமயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

5. சந்தை வாதம். ரொட்னி ஸ்டார்க்கும் அவரைச் சேர்ந்தவர்களும் சொல்வது: போட்டி இருக்கும் இடத்தில் சமயம் உயிர்ப்போடு இருக்கும், ஏகபோகம் இருந்தால் தூங்கிவிடும். தோட்டத்தில் இது பாதி உண்மை. மாரியம்மன் கோயிலின் பெரிய நிகழ்வு வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்தவச் சபை வாரா வாரம் வீட்டுக்கு ஆள் அனுப்பி “சுகமா?” என்று கேட்கிறது, பெயர் சொல்லி ஜெபிக்கிறது. கோயில்களும் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனை, ஞாயிறு அறநெறி வகுப்பு என்று இறங்கியதற்கு இந்தப் போட்டி ஒரு காரணம். மீதிப் பாதி ஏன் பொருந்தாது? கடை மாற்றுவது போல இங்கே சாமி மாற்ற முடியாது. சாவு வீட்டில் தூக்குவதும் கருமாதியில் நிற்பதும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) உறவுகள்தான்.

தோட்டத்தில் எது கழன்றது?

தோட்டம் ஒரு முழு ஏற்பாடு. வேலை, வீடு, வைத்தியம், பிள்ளைக் காம்பரா, கோயில் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. திருவிழாவில் முதல் மரியாதை துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு). லொறியும் விறகும் தோட்டத்தால் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம்: பல தோட்டங்களில் செக்ரோலில் (தொழிலாளரின் பேரும் சம்பளமும் பதியும் ஏட்டில்) சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, டோபி, பார்பர் என்று வெட்டும் வரிசையிலேயே கோயிலுக்கும் ஒரு தொகை வெட்டப்பட்டது. பேர் விழுந்த ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கோயிலுக்குக் கொடுத்தவர். கோயில் தோட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. நம்பினாயா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இது எப்படிக் கழன்றது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஆள் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். லயத்தில் குடியிருப்போர் பலர், செக்ரோலில் பேர் உள்ளோர் சிலர் என்றானது. பிறகு பணத்தின் கணக்கு மாறியது. சம்பளத்தில் வெட்டும் தொகை சுருங்க, கோயில் கமிட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டது. அதுவும் போதாமல் வெளியூரிலிருப்போரிடம் வட்ஸ்அப் குழுவில் கேட்க ஆரம்பித்தது. கொடுப்பவர் இப்போது விரும்பிக் கொடுக்கிறார். ஆகவே தன் விருப்பத்தையும் சொல்கிறார். கோபுரம் வேண்டும், ஐயர் வேண்டும், ஆட்டுப் பலி வேண்டாம், அவர் கொழும்பில் பார்த்த மாதிரிச் செண்டை மேளம் வேண்டும். மூன்றாவதாகக் காலம் மாறியது. திருவிழாத் தேதி கொழுந்து குறையும் காலத்தைப் பார்த்து வைத்தது போய், லீவு கிடைக்கும் சனி, ஞாயிறைப் பார்த்து வைக்கப்படுகிறது.

கஸனோவா பிரித்துச் சொன்ன முதலாவது கூற்று, அதாவது பொருளாதாரத்திலிருந்து சமயம் பிரிவது, இங்கே அச்சொட்டாக நடந்திருக்கிறது. இரண்டாவது நடக்கவில்லை. கோயில் செலவு கூடியிருக்கிறது, கோபுரம் உயர்ந்திருக்கிறது. சமயத்தின் அலகு தோட்டம் என்பதிலிருந்து குடும்பம், தனியாள் என்று இறங்கியிருக்கிறது. மலையகத்தில் ‘மாற்றம்’ என்று பேசினால் முதலில் பேச வேண்டியது இதைத்தான். ஐயப்பன் மாலை இதற்குத் தெளிவான உதாரணம். 41 நாள் விரதம், இருமுடி, குருசாமி, சபரிமலைப் பயணம் என எல்லாம் ஒருவர் தானே தீர்மானித்து, தன் காசில், தன் உடம்பில் சுமப்பது. துரைக்கோ தலைவருக்கோ அதில் வேலையில்லை.

தொழில் சாமிகளுக்கு என்ன ஆனது?

உருமாற்ற வாதிகள் பெரும்பாலும் புதிதாக வருவதைப் பார்க்கிறார்கள். போனதைப் பார்ப்பது குறைவு. தோட்டத்தில் தொழிலோடு ஒட்டிய சாமிகள் ஒரு தனி வரிசை: கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, மட்டத்துச்சாமி, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோதமுனி.

கவ்வாத்துச்சாமியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது (செடியைத் தறித்து விடுவது) மலையின் உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. கத்தி வளைந்தது, தீட்டினால் மயிரை அறுக்கும் கூர்மை. வெட்டுபவர் சரிவில் குனிந்து நின்று, தன் காலுக்குப் பக்கத்திலேயே வேகமாக இழுக்கிறார். ஈர மண் வழுக்கினால் கத்தி காலில்தான் இறங்கும். அதனால் மலையில் வெட்டுத் தொடங்குமுன் கத்திகளை ஒரு கல்லின் முன் வைத்து, கற்பூரம் காட்டி, சேவலறுத்துக் கும்பிடுவார்கள். ஸ்டோரில் ரோதை (இயந்திரச் சக்கரம்) சுழலுமிடத்தில் ரோதமுனிக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். பெல்ட்டில் கை போனால் கை திரும்பி வராது.

ஆபத்து இருக்கும் இடத்தில் சாமி இருக்கும் என்ற இந்தப் பழைய அறிவைத்தான் பிப்பா நொரிஸும் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் 2004இல் ஒரு கோட்பாடாகச் சொன்னார்கள். உயிருக்கும் வயிற்றுக்கும் உத்தரவாதம் கூடும் சமூகத்தில் சமயம் தளரும், உத்தரவாதமற்ற இடத்தில் நிற்கும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடிய மலையில், 2025 நவம்பரில் டித்வா புயல் மலை மலையாகச் சரித்த ஊர்களில் உத்தரவாதம் என்பது இன்னும் கனவுதான். ஆகவே நம்பிக்கை நிற்பதில் அதிசயமில்லை. ஆனால் கோட்பாடு சொல்லாத ஒன்றும் நடக்கிறது: ஆபத்து இடம் மாறும்போது சாமியும் இடம் மாறுகிறது. ஸ்டோரை மூடிவிட்டால் ரோதமுனிக்கு வேலை இல்லை. கவ்வாத்து மெஷினுக்கு மாறினால் அந்தக் கல்லுக்கு முன் நிற்பவர் குறைகிறார். வெளிநாட்டு விசா, கடன், பிள்ளையின் பரீட்சை, குடி ஆகியவைதான் இன்றைய ஆபத்துகள். இவற்றைக் கேட்டுத் தீர்க்கும் சாமிக்குத்தான் இப்போது கூட்டம்.

இலங்கைக்குள்ளேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ரிச்சர்ட் கொம்ப்ரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் 1988இல் சிங்கள பௌத்தர்களைப் பற்றி இதையே காட்டினார்கள். கிராமம் கலைந்து மக்கள் நகர ஓரத்துக்கு வந்ததும், நாத, விஷ்ணு போன்ற தொலைவான தெய்வங்கள் பின்வாங்கி, கதிர்காமக் கடவுளும் காளியும் சூனியத் தெய்வமான ஹூனியமும் முன்னுக்கு வந்தார்கள். கூட்டு வாழ்வு உடைந்தபின் ஆளுக்கு ஆள் உதவும் தெய்வம் தேவைப்பட்டது. தோட்டம் உடைவதும் அதே பாதைதான், சற்றுப் பிந்தி.

எதிர்த்தரப்பின் பலமான வாதம்

‘மாற்றம்’ என்ற சொல் சில நேரம் தேய்வை மூடும் போர்வையாகவும் பயன்படும். இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 2000 முதல் 2002 வரை போல் ஹீலஸும் லிண்டா வுட்ஹெட்டும் குழுவாக ஆய்வு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் இருந்தோர் நகர மக்களில் 7.9 வீதம். யோகா, ரெய்கி போன்ற புது ஆன்மிக வகுப்புகளில் ஒரு வாரத்தில் இருந்தோர் 1.6 வீதம், அதில் 80 வீதம் பெண்கள். புதியது வளர்வது உண்மை. ஆனால் இழந்ததை ஈடுசெய்யும் அளவில் இல்லை என்று புரூஸும் டேவிட் வோவாஸும் சுட்டிக் காட்டினார்கள்.

வோவாஸும் அலஸ்டேர் குரொக்கெட்டும் 2005இல் வைத்த கேள்வி இன்னும் கூர்மையானது: பிள்ளைக்குப் போகிறதா? பிரித்தானியாவில் தாய், தந்தை இருவரும் சமயப் பற்றுள்ளவர்களானால் பிள்ளை அதைத் தொடரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கும் பெரும்பாலும் இல்லை. இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் கரைகிறது.

மலையகத்தில் நம்பிக்கை அப்படிக் கரைவதாகத் தெரியவில்லை. கரைவது அறிவு. ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும்வரை இரவுகள் தொடரும். அதற்கு வேண்டியவை:

- பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த வாத்தியார் ஒருவர்
- அடி தெரிந்த தப்பு மேளக்காரர்கள்
- ரதி, மதன் வேடத்துக்கு விரதமிருக்கும் இரண்டு இளைஞர்கள்
- இரண்டு வாரம் ஊரில் தங்கக்கூடிய ஆட்கள்

கடைசி ஒன்று இல்லாமல் போனதும் மற்றவை தடுமாறும். கொழும்பில் வேலை செய்யும் பையனுக்கு இரண்டு நாள் லீவு. ஆகவே கூத்து ஒரு இரவாகச் சுருங்குகிறது. சுருங்கிய கூத்தில் நடுப்பகுதிப் பாட்டுகள் பாடப்படுவதில்லை. பாடாத பாட்டு அடுத்த வாத்தியாருக்குத் தெரியாது. எர்வியே-லெஜே சொன்ன சங்கிலி அறுவது இப்படித்தான், அவநம்பிக்கையால் அல்ல, லீவில்லாமையால். பிறகு அதே தப்பும் அதே கூத்தும் கலாசார விழா மேடையில் அடையாளமாக வந்து நிற்கின்றன. நேர்த்திக்கு ஆடியது பார்வைக்கு ஆடுவதாகிறது. இதைத் தேய்வு என்பதா மாற்றம் என்பதா என்றால், சடங்காகப் பார்த்தால் தேய்வு, மலையகத்தார் என்ற உணர்வாகப் பார்த்தால் ஏற்றம். இரண்டு விடைகளில் ஒன்றை மட்டும் எழுதும் கட்டுரைகளை நம்பக்கூடாது.

நடைமுறையில் எங்கே முட்டுகிறது?

சமயம் தெரிவாக மாறும்போது பிணக்குகளும் புதிதாகின்றன.

1. வரி. சபைக்குப் போகும் குடும்பம் திருவிழா வரி தர மறுக்கிறது. செக்ரோலில் வெட்டிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கமிட்டிக்கு வரி கேட்கலாம், கட்டாயப்படுத்தச் சட்ட அதிகாரம் இல்லை. பொதுத் தண்ணீர்க் குழாய், சாவுச் செலவுச் சங்கம் ஆகியவற்றைக் கோயில் கணக்கோடு கலந்து வைத்திருக்கும் தோட்டங்களில்தான் இது பெரிய சண்டையாகிறது. கணக்கைப் பிரித்து வைத்தால் பாதித் தலையிடி குறையும்.

2. இடம். காம்பராவில் நடக்கும் ஜெபக் கூட்டம் வழிபாட்டுத் தலமா? புதிய வழிபாட்டுத் தலம் கட்ட அனுமதி வேண்டும் என்ற 2008 ஒக்டோபர் சுற்றறிக்கை கட்டடத்தைப் பற்றியது. அதைக் காட்டி வீட்டுக்குள் நடக்கும் ஜெபத்தை நிறுத்த முயல்வதால் முறைப்பாடுகள் வருகின்றன.

3. பலி. இந்துக் கோயில்களில் மிருக பலியைத் தடைசெய்யும் யோசனைக்கு 2018 செப்டெம்பரில் அமைச்சரவை இணங்கியது. ஆகமக் கோயிலாக்கிய கமிட்டிகள் வரவேற்றன. ஆனால் முனிக்கு ஆடு நேர்ந்தவருக்கு இது கடனைத் திருப்பிக் கட்டவிடாமல் தடுப்பது போன்றது. ஆகவே பலி கோயில் எல்லைக்கு வெளியே, ஓடைப் பக்கம் நகர்கிறது.

4. சாதி. ஐயர் வந்து கோபுரம் எழும்பும்போது பூசாரிக் குடும்பமும் தப்புக்காரரும் ஓரம் கட்டப்படுகிறார்கள். மேல்சாதி வழக்கங்களைத் தழுவி உயரப் பார்க்கும் இந்தப் போக்கைச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் சமஸ்கிருதமயமாதல் என்றார். தப்படிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலருக்குச் சபை ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ‘ஏமாற்றி மாற்றுகிறார்கள்’ என்ற பேச்சு அதைக் காணவிடுவதில்லை.

உங்கள் தோட்டத்தில் தேய்வா மாற்றமா என்று பார்க்க விரும்பினால், திருவிழாக் கூட்டத்தை எண்ண வேண்டாம். கூட்டம் எப்போதும் இருக்கும். கரகம் பாலிக்க (சோடித்து எடுக்க) ஏன் அந்த ஓடைக்கே போகிறார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாலு பேரிடம் கேளுங்கள். பிறகு, வரவு–செலவு நோட்டீஸில் உள்ளூர்ப் பணம் எவ்வளவு, வெளியூர்ப் பணம் எவ்வளவு என்று பாருங்கள். வெளியூர்ப் பணம் பாதியைத் தாண்டியிருந்தால், அடுத்த வருடம் எந்தச் சாமிக்கு முதலில் பெயின்ட் அடிப்பார்கள் என்பதை லயத்தில் இருப்பவர்கள் தீர்மானிக்கப் போவதில்லை.